பலம் என்ற பெட்டி

யூலை 14, திங்கள்

சோளகக் காற்று நாலாவது நாளாக ஒரே வீச்சு. மடிக்கணினியின் விசைகளுக்குள் மணல். தட்டினால் கரகரக்கிறது. சின்னத் தூரிகை ஒன்று வாங்க வேண்டும்.

காலைத் தேத்தண்ணியோடு ரெஜினா ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். பதினொரு பக்கம். வணிகத் திட்டமாம். அடுத்த புதன், 23ஆம் திகதி, பின்னேரம் மூன்று மணிக்குள் பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும். யார் எழுதுவது என்று கேட்டேன்.

"நீங்கள்தானே எழுதுறனீங்கள்" என்றாள். சங்கத்துக்குப் போன வெள்ளியே சொல்லிவிட்டாளாம். எனக்கு இன்று.

விடயம் இதுதான். பேசாலைக் கடற்கரையில், பழைய ஐஸ் கட்டடத்துக்குப் பக்கத்து வெளியில், சங்கத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேர் கருவாடு போடுகிறார்கள். அரச காணி. இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறார்கள். உல்லாசப் பயணிகளுக்குக் குடில் கட்டவென்று கொழும்புக்காரர் ஒருவரும் அதே காணியைக் கேட்டிருக்கிறார். எவருடைய திட்டம் நல்லதோ அவருக்கு. எங்களுக்கு இல்லையென்றால் மாரிக்கு முன் மீன் காயப்போடும் பரண்களைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிக்கொண்டு போக வேறு இடம் கிடையாது. ரெஜினா சங்கத்தின் செயலாளர், நான் செயலாளரின் புருசன். எங்கள் வீட்டுப் பரண் மூன்று.

மூன்றாம் பக்கத்தில் நாலு பெட்டி. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். மேலே 'ஸ்வொட் பகுப்பாய்வு, கட்டாயம் நிரப்பப்பட வேண்டும்' என்று தடித்த எழுத்து. பெட்டி ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. இதை யார் வரைந்தார்களோ.

மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து பத்திரிகை ஆசிரியர் போன். மன்னார் நகரத்துக் கழுதைகளைப் பற்றி இன்னுமொரு கட்டுரை வேண்டுமாம். முப்பத்தொரு வருடச் செய்தியாளர் வாழ்க்கையில் இது ஒன்பதாவது கழுதைக் கட்டுரை. புதிதாக என்ன எழுதுவது? கழுதைகள் புதிதாக எதுவும் செய்வதில்லை.

செய்ய வேண்டியவை: தூரிகை. சைக்கிள் பின் ரியூப். கழுதை. பெட்டி.


யூலை 15, செவ்வாய்

கோயில் மண்டபத்தில் படிவம் நிரப்பப் பயிலரங்கு. ஒன்பது மணி என்றார்கள். பத்தே காலுக்குத் தொடங்கியது. மின்விசிறி இரண்டில் ஒன்று சுற்றவில்லை, மற்றது சுற்றி அட்டைகளை எல்லாம் பறக்கவிட்டது.

பயிற்றுநர் நிவேதா, வவுனியாப் பிள்ளை. நல்ல தமிழ், நல்ல பொறுமை. பெரிய தாளில் நாலு பெட்டி வரைந்தா. பலமும் பலவீனமும் எங்களுக்குள்ளே இருப்பவை, வாய்ப்பும் அச்சுறுத்தலும் வெளியிலிருந்து வருபவை. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதைக் கொண்டு எதைச் சமாளிக்கலாம் என்று தெரியும். பலத்தைக் கொண்டு வாய்ப்பைப் பிடிப்பது, பலவீனம் தெரிந்தால் அச்சுறுத்தல் வரமுன் அடைப்பது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பலவீனம் பன்னிரண்டு நிமிடத்தில் நிறைந்து வழிந்தது. தாள் போதாமல் இன்னொரு தாள் ஒட்டினா. தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, கூரை இல்லை, தராசு பிழை, நாய்த் தொல்லை, காகத் தொல்லை, முழங்கால் வருத்தம், பெண்பிள்ளை கலியாணம், குடிக்கிற மனிசன். கலியாணம் எப்படிப் பலவீனம் என்று நிவேதா கேட்டா. செய்து பார் பிள்ளை, தெரியும் என்றாள் பின் வாங்கில் இருந்த ஒருத்தி. அச்சுறுத்தலும் பாதகமில்லை: இந்திய இழுவைப் படகு, மழை, குடில்காரர்.

பலம்: ஒன்றுமில்லை.

நிவேதா கேட்டா. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டா. எல்லோரும் மார்த்தா அக்காவைப் பார்த்தார்கள். கருவாட்டு வெளியில் பெரிய பரண்காரி அவ. அறுபத்தாறு வயது.

"எங்களிட்ட என்ன பிள்ளை இருக்கு?" என்றா மார்த்தா அக்கா. அத்தோடு முடிந்தது.

எனக்குப் பின்னால் இரண்டு பேர் குசுகுசுத்தது முழுக்கக் கேட்டது.

"பலம் இருக்கெண்டு எழுதினா, பிறகேன் உங்களுக்குக் காணி எண்டு கேப்பினம்."

"ஓம். இல்லாத ஆளுக்குத்தானே குடுக்கிறது."

தேத்தண்ணி நேரம் நிவேதா 'ஒற்றுமை, உழைப்பு, அனுபவம்' என்று தானே எழுதிப் படம் எடுத்தா. மாதிரிக்கு என்று சுவரில் ஒட்டியிருந்த இலுப்பைக்கடவைத் தாளிலும் அதே மூன்று சொல், அதே கையெழுத்து. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டா.

"எல்லா ஊரிலயும் அந்தப் பெட்டியை நான்தான் சேர் நிரப்புறன்" என்றா. "படம் அனுப்பாட்டி எனக்கு மற்ற ஊர் தரமாட்டினம்."

அதற்கு மேல் அந்தப் பிள்ளையோடு கோபிக்க முடியவில்லை. கோபம் எனக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் சத்தம் போட்டேன். உலகத்தில் எவன் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு வியாபாரத்துக்குக் காணி கேட்பான்? அவள் தையல் மெசினைப் பார்த்தாள். எனக்கு விளங்கியது. இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடம் நிவாரணப் படிவம் ஒன்று. 'உங்களிடம் உள்ள பொருட்கள்.' தையல் மெசின் ஒன்று என்று உண்மையை எழுதச் சொன்னவன் நான். மிதி உடைந்த மெசின். இரண்டு வீடு தள்ளி ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள், புது மெசின் வந்தது. எங்களுடையதில் இப்போதும் மிதி இல்லை. பழைய பேப்பர் அடுக்குகிறோம்.


யூலை 16, புதன்

காலை ஆறு மணிக்குக் கடற்கரை. காற்று கொஞ்சம் தணிவு.

படகு கரைக்கு வந்ததும் எப்படிப் பாடு, மீன் பட்டதா என்று யாராவது கேட்பார்கள். பதில் எப்போதும் ஒன்றுதான்: கறிக்குத்தான், வீட்டுக் கறிக்கு மட்டும்தான் மீன். நாலு பெட்டி பாரை மீன் இறக்கிக்கொண்டே கறிக்குத்தான். ஒன்றும் படாமல் வந்தாலும் கறிக்குத்தான். நாவூறு படும் என்பது ஒரு காரணம். பங்கு கேட்டு வருவார்கள் என்பது இன்னொன்று.

பெண்களிடமும் அதே. ஒவ்வொரு பரணாகப் போய்க் கேட்டேன், ஒருவரும் ஒரு நல்ல சொல் சொல்லவில்லை. மார்த்தா அக்காவுக்குப் பக்கத்துப் பரண் யசிந்தாவிடம் கேட்டபோது கையில் பெரிய கட்டா மீன். ஒரே கீறலில் முதுகால் பிளந்து விரித்துக்கொண்டு, "என்ர தொழில் சரியில்லை அண்ணை" என்றாள்.

எனவே கேட்பதை விட்டு, கண்டதைக் குறித்தேன்:

மீன் மணலில் படுவதில்லை. தடி நட்டுப் பழைய வலை இழுத்துக் கட்டிய பரணில்தான் காய்கிறது.
இரண்டு தரம் கழுவுகிறார்கள்.
ஈ மொய்க்காமல் மேலே நெருக்கமான கண் உள்ள வலை. அதைத் தைத்ததும் அவர்கள்தான்.
காய்ந்ததை விரலால் அழுத்திப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். பிழைப்பதில்லை.
கொழும்பு பஸ்ஸில் பார்சல் ஏறுகிறது. நான் நின்ற நேரத்தில் மட்டும் மூன்று.

சைக்கிள் ரியூப் போயே போய்விட்டது. நடந்து வந்தேன். மணலில் செருப்பு வார் அறுந்தது.


யூலை 17, வியாழன்

பலம் பெட்டிக்கு ஆறு வரி எழுதினேன். சுத்தமாக, மிகைப்படுத்தாமல். ரெஜினா கண்ணாடி போட்டு வாசித்தாள். வடிவாய் இருக்குது என்றாள். பின்னேரம் சங்கத்துக்கு எடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது ஆறு வரியும் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தது. ஒரே நேர்கோடு, அடிமட்டம் வைத்து.

யார் வெட்டியது என்றேன். எல்லாரும் என்றாள். அடிமட்டம் யாருடையது? யசிந்தாவின் மகளுடையதாம்.

மற்ற மூன்று பெட்டியிலும் கை வைக்கவில்லை. பலவீனத்தில் மேலதிகமாக மூன்று சேர்த்திருந்தார்கள். அதில் ஒன்று என்னுடைய கையெழுத்தைப் பற்றியது.

இனிமேல் எழுத மாட்டேன் என்று சொன்னேன். ரெஜினா சோறு போட்டாள். சூடை மீன் பொரியல். சாப்பிட்டேன்.

ஆசிரியர் மறுபடியும் போன். கழுதை எங்கே?


யூலை 18, வெள்ளி

மன்னார் நகரம். பஸ்ஸில் நின்றபடி. ஒரே வெக்கை.

ரியூப் வாங்கினேன். தூரிகை கிடைக்கவில்லை, பல் துலக்கும் பிறஸ் வாங்கினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே கழுதைகள் ஏழு. குறித்துக்கொண்டேன்.

படிவத்தில் ஒரு சந்தேகம் கேட்கப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். காணிப் பிரிவில் எனக்கு முகம் பழக்கமான அலுவலர். கதிரை தந்து, கோவையை விரித்தார். அந்த வெளியைப் பற்றிய கோவை. குடில்காரரின் விண்ணப்பம் மேலே. வழுவழுத்த தாள், வர்ணப் படம், நாலு பெட்டியும் நிறைந்திருந்தன. அதற்குப் பின்னால் இணைப்பாக ஒரு பத்திரிகை நறுக்கு.

என்னுடையது.

'பேசாலைக் கடற்கரையில் அருகிவரும் கருவாட்டுத் தொழில்.' இரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. ஞாயிறு இதழ், ஐந்தாம் பக்கம். சில வரிகளுக்குக் கீழே மஞ்சள் மை. மார்த்தா அக்கா சொன்னது: "இன்னும் ஒரு வருசம், அதோட விடுறதுதான்." யசிந்தா சொன்னது: "ஒருத்தரும் இப்ப இதைச் செய்யிறேல்லை." விண்ணப்பக் கடிதத்தில் ஒரு வசனம்: அந்த வெளி பயன்பாட்டில் இல்லாமல் போய்க்கொண்டிருப்பதைப் பத்திரிகையே உறுதிப்படுத்தியுள்ளது.

"நீங்கள் எழுதினதுதானே ஐயா?" என்று கேட்டார் அலுவலர். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஓம் என்றேன்.

ஒரு சொல்லும் பிழையில்லை. அங்கேயே முழுக்க வாசித்தேன். ஒவ்வொரு கூற்றும் சொன்னவர் பெயரோடு, சொன்னபடியே இருக்கிறது. எழுத்துப் பிழைகூட இல்லை.

அலுவலர் இன்னொன்றும் சொன்னார். சங்கத்தின் படிவம் வந்தபிறகு ஒருநாள் இடத்தைப் பார்க்க வருவாராம். கோவையில் இருப்பதையும் தரையில் இருப்பதையும் ஒப்பிட வேண்டுமாம்.

திரும்பும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். ரெஜினாவிடம் இன்று சொல்லவில்லை.


யூலை 19, சனி

காலை முழுக்க அலுமாரிக்குள். குறிப்புப் புத்தகங்களை வருட வாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன் என்ற என் பெருமை பொய். கறையான் ஒரு கட்டை முடித்துவிட்டது. தேடியது கிடைத்தது.

அந்தக் கட்டுரைக்குப் போன நாளின் பக்கம். என் கையெழுத்து:

'பே. கடற்கரை. காலை 7.10. பரண் 34. எல்லாம் நிறைவு. சைக்கிள் நிறுத்த இடமில்லை. மா. அக்கா, யசி. கூற்றுக்கள் நல்லாய் இருக்கு.'

முப்பத்துநாலு பரண் நிறைந்திருப்பதைக் கண்டேன். எண்ணினேன். எழுதினேன். கட்டுரையில் போடவில்லை. ஏன்? யோசித்துப் பார்த்தேன். கூற்றுக்கள் நல்லாய் இருந்தன, தலைப்பு கைக்கு வந்துவிட்டது. முப்பத்துநாலைப் போட்டால் தலைப்பு நிற்காது. அவ்வளவுதான். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

மத்தியானம் ரெஜினாவிடம் சொன்னேன். நறுக்கு, மஞ்சள் மை, புத்தகம், எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"நாங்கள் பொய் சொன்னனாங்கள். நீங்கள் அதை வடிவா எழுதினனீங்கள்" என்றாள். மற்றப் பாதித் தேங்காயை எடுத்துக்கொண்டு, "மார்த்தா அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் மாட்டன்."

ஆசிரியருக்குப் போன் செய்தேன். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். எது பிழை என்று கேட்டார். எதுவும் பிழையில்லை, ஒன்று விடுபட்டது என்றேன். விடுபட்டதற்கெல்லாம் திருத்தம் போடுவதென்றால் பேப்பர் முழுக்கத் திருத்தம்தான் வரும் என்றார். கழுதையைக் கேட்டார்.


யூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் மார்த்தா அக்கா. தலையில் முக்காடு, கையில் செபமாலை. சொன்னேன். அவ சொன்னதை நான் போட்டதும், அதை வைத்துத்தான் இப்போது காணியைக் கேட்கிறார்கள் என்பதும்.

முழுவதையும் கேட்டா. செபமாலையைப் பையில் போட்டு மூடினா.

"நான் சொன்னா நீ எழுதிறதே? உனக்குக் கண் இல்லையோ தம்பி?"

நான் வாயைத் திறக்க முன்னமே தொடர்ந்தா.

"முப்பது வருசமா கரைக்கு வாறாய். கறிக்கெண்டா கறிக்கோ? வலை தெரியாத மாதிரி, மீன் தெரியாத மாதிரி. நீ இந்த ஊரில கலியாணம் செய்த ஆள்தானே."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவ சிரிக்கவில்லை. விடுகிறது என்று சொன்னது கட்டுரைக்காரனுக்குச் சொன்னதல்ல, நாவூறுக்குச் சொன்னதாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.

அப்படியானால் பெட்டியில் என்ன எழுதுவது என்று கேட்டேன். நீங்களே சொல்லுங்கோ, உங்கள் பலம் என்ன?

"எனக்கென்ன பலம்" என்றா. அவ்வளவு பேச்சுக்குப் பிறகும். போகிற வழியில் திரும்பி நின்று, "அவள் யசிந்தாவைக் கேள். அவளுக்குத்தான் கை இருக்கு. உப்பை நிறுக்கிறேல்லை, அள்ளிப் போடுவாள். ஒருநாள் கூடினதில்லை, ஒருநாள் குறைஞ்சதில்லை. நன்றி கெட்டவள், அது வேற."

மார்த்தா அக்காவும் யசிந்தாவும் அடுத்தடுத்த பரண். எட்டு மாதமாகப் பேச்சில்லை. ஒரு பரண் தடி யாருடையது என்பதில் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து சட்டை கழற்றும்போதுதான் அந்த உப்பு வரி தலையில் ஏறியது. முப்பத்தொரு வருடத் தொழிலில் இது விளங்க ஒரு கிழமை. வெட்கம்.


யூலை 21, திங்கள்

காற்று மறுபடியும். பல் பிறஸ்ஸால் விசைகளைத் துடைத்தேன். பரவாயில்லை.

இன்று ஒருவரிடமும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்துப் பரணைப் பற்றிக் கேட்டேன்.

யசிந்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "மார்த்தாக்காவுக்கென்ன அண்ணை. அவவின்ர பாரைக் கருவாட்டைக் கொழும்பில பேர் சொல்லிக் கேட்டெல்லோ வாங்கினம். மழை வரமுந்தி அவவுக்கு மணக்கும். அள்ளி உள்ளுக்க போட்டிடுவா. ஒருநாள் நனைஞ்சதில்லை. எங்கட நனையும். எங்களுக்குச் சொல்லுவாவோ? வாய் திறக்கமாட்டா."

இப்படியே போனது. எல்லோரிடமும் மற்றவரைப் பற்றி முறைப்பாடு, எல்லா முறைப்பாட்டுக்குள்ளும் ஒரு பலம். ஒருத்தியின் திருக்கை நாறுவதில்லையாம், எப்படி என்று சொல்ல மறுக்கிறாளாம். இன்னொருத்திக்கு வலைக் கண்ணை இருட்டிலும் தைக்க வருமாம், அந்தத் திமிராம். மற்றவளுக்குப் பஸ் நடத்துநர் தம்பி முறையாம், பார்சலுக்கு எப்போதும் இடமாம், மற்றவர்கள் முண்டியடிக்க வேண்டுமாம்.

பழைய தொழில் விதியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு விடயத்தை இரண்டு பேர் தனித்தனியே சொன்னால்தான் எழுதுவது. இரண்டு பேருக்கும் அவளோடு கோபம் இருந்தால் இன்னும் நல்லது.

ரெஜினாவைப் பற்றியும் கேட்டேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "ரெஜினாக்காவுக்கென்ன, வீட்டில எழுதத் தெரிஞ்ச மனிசன். படிவம் வந்தாப் பயமில்லை." இரண்டு பேர் சொன்னார்கள். அதை மட்டும் விட்டுவிட்டேன்.

மொத்தம் பதினாலு வரி. பெட்டிக்குள் அடங்காது. 'இணைப்பைப் பார்க்க' என்று எழுதி, தனித்தாளில்.

வாய்ப்புப் பெட்டியும் தானாக நிறைந்தது. மழையை மணந்து சொல்லும் ஒருத்தி இருபத்திரண்டு பேருக்கும் சொன்னால் ஒருவருடையதும் நனையாது. ஒருத்தியின் தம்பி முறை பஸ்ஸில் எல்லோருடைய பார்சலும் ஏறலாம். நிவேதா சொன்ன கணக்கு இதுதான். அந்தப் பிள்ளைக்குப் போன் செய்து சொன்னேன். இலுப்பைக்கடவைக்கு மறுபடியும் போகப் பார்க்கிறேன் சேர் என்றா.


யூலை 22, செவ்வாய்

பின்னேரம் சங்கம் கூடியது. நான் வாசித்தேன். முதல் வரியிலேயே சண்டை.

யார் சொன்னது? என்னைப் பற்றி இதைச் சொன்னவள் யார்? தகவல் தந்தவர் பெயர் வெளியிடுவதில்லை என்றேன். இருபத்திரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி என் புத்தகத்தைப் பறிக்கக் கை நீட்டினாள்.

பிறகு வெட்டும் படலம். சிவப்புப் பேனை, அதே அடிமட்டம். ஆனால் இம்முறை ஒவ்வொருத்தியும் தன்னுடைய வரியை மட்டும்தான் வெட்டச் சொன்னாள். மற்றவளுடையது இருக்கட்டுமாம், அது உண்மையாம்.

"என்ரையை வெட்டுங்கோ. மார்த்தாக்காவின்ரை இருக்கட்டும். மணக்கிறது மணக்கிறதுதானே" என்றாள் யசிந்தா. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவள் வாயில், ஆளின் முகத்துக்கு நேரே. மார்த்தா அக்கா கூரையைப் பார்த்தா.

ரெஜினா செயலாளராக ஒவ்வொரு வரியையும் வாக்குக்கு விட்டாள். வெட்டச் சொல்லி ஒரு கை, இருக்கச் சொல்லி மற்றக் கைகள். பதினாலு தடவை இதே. பதினாலு வரியும் நின்றன. இப்படி ஒரு கூட்டத்தை நான் செய்தியாக எழுதியிருந்தால் ஆசிரியர் நம்பியிருக்க மாட்டார்.

மார்த்தா அக்கா கடைசியாகக் கையெழுத்து வைத்தா. வைக்க முன் பேனையை வாங்கிப் பலவீனப் பெட்டியின் அடியில், இடமில்லாத இடத்தில், கோணல் எழுத்தில் தானே எழுதினா: 'எழுத வாறவர் சொல்லுறதை அப்பிடியே எழுதுறார்.'

வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு சாட்சி.


யூலை 23, புதன்

2.20க்குக் கொடுத்தோம். நானும் ரெஜினாவும். முத்திரை குத்தித் துண்டு தந்தார்கள்.

கூடவே என்னுடைய கடிதம் ஒன்று, கையொப்பமிட்டு. கட்டுரை எழுதிய நாளில் அவ்விடத்தில் முப்பத்துநாலு பரண் நிறைந்திருக்கக் கண்டேன், அதைக் கட்டுரையில் குறிப்பிடவில்லை. குறிப்புப் புத்தகப் பக்கத்தின் பிரதி இணைப்பு.

அலுவலர் வாசித்தார். "ஏன் ஐயா அப்ப போடேல்லை?"

ரெஜினா என்னைப் பார்த்தாள். தலைப்பு கெட்டுவிடும் என்று போடவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். அதையும் கடிதத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்.

நாளை காலை வருவாராம்.

பஸ் நிலையத்தில் கழுதைகள் ஒன்பது. இரண்டு கூடியிருக்கின்றன.


யூலை 24, வியாழன்

காலை எட்டு மணி. வெயில், காற்று, கருவாடு காய நல்ல நாள். நேற்றே ரெஜினா எல்லோருக்கும் சொல்லி வைத்தாள்: வருகிறவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. ஒரு நாளைக்கு மட்டும்.

அலுவலர் கோவையோடு வந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு நேரே பெரிய பரணுக்கு. மார்த்தா அக்கா பாரை புரட்டிக்கொண்டிருந்தா. பரண் வளைய மீன்.

"எப்பிடி அம்மா தொழில்?"

"என்னத்தைச் சேர்" என்றா மார்த்தா அக்கா. "கறிக்குத்தான்."

ரெஜினா கண்ணை மூடிக்கொண்டாள். அலுவலர் பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல ஏலாது. நானும் அதைத்தான் செய்தேன். சொல்ல வேண்டியதை யார் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த பரணில் கத்தி விழுந்த சத்தம்.

"கறிக்கோ?" யசிந்தா எழும்பி நின்றாள். "சேர், அந்தச் சாக்கை ஒருக்கா விலத்திப் பாருங்கோ. சனிக்கிழமை பஸ்ஸுக்குப் போக ஆறு பார்சல் கட்டி வச்சிருக்கிறா. கறிக்காம். எந்த வீட்டில சேர் இவ்வளவு கறி?"

"உன்ர வாய்க்குள்ள மண்" என்றா மார்த்தா அக்கா.

"ஏன், பொய்யோ?"

மார்த்தா அக்கா அடுத்த பாரையைப் புரட்டினா. அலுவலர் சாக்கை விலக்கினார். ஆறு. எழுதியதைக் கோடு போட்டு வெட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக:

"ஐயா, இந்த முறை எத்தினை பரண்?"

காலை வந்தவுடனே எண்ணியிருந்தேன். இரண்டு தரம். "நாற்பத்தொண்டு" என்றேன்.

"முப்பத்தொன்பது" என்றா மார்த்தா அக்கா, மீனைப் புரட்டிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல். "ரெண்டு உடைஞ்சது."

அலுவலர் 39 என்று எழுதினார்.


ஓகஸ்ட் 12, செவ்வாய்

பதினெட்டு நாளாக எழுதவில்லை. கழுதைக் கட்டுரை போன கிழமை வந்தது. 11 என்று கொடுத்தேன், 17 என்று அச்சாகியிருக்கிறது. திருத்தம் கேட்டேன். ஆசிரியர் சிரித்தார்.

ரியூப் மாற்றினேன். இப்போது முன் ரியூப்.

காலை பத்து மணிக்குப் பிரதேச செயலகத்திலிருந்து போன். குத்தகை சங்கத்துக்கு. ஐந்து வருடம். வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையொப்பம் வைக்க வேண்டும். ரெஜினா போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். பிறகு எழும்பி முகம் கழுவினாள். முற்றத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு அக்கா, உடுப்புக் காயப்போட்டபடி.

"என்ன ரெஜினா, காணி அலுவல் என்ன மாதிரி?"

"எங்க, அக்கா" என்றாள் ரெஜினா. "ஏதோ ஒரு துண்டு தந்திருக்கினம். கறிக்குக் காணும்."

எனக்குக் கோபம் ஏறியது. பெட்டி, பதினாலு வரி, நான் கைப்படக் கொடுத்த கடிதம். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் எதிர்வீட்டு அக்கா சேலையைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் திரும்பிக் கத்தியது கேட்டது:

"இஞ்சருங்கோ, முழுக் காணியும் அவளவைக்குக் கிடைச்சிட்டுதாம்."